மூன்றாவது டேக்

கென்ட் நகரில், சைக்கிள் கடைக்கு மேல்மாடியில்
வூட்டர் தெப்ராவேரின் ஃபிரிட்ஜ் நிறையப் படச்சுருள்.
பாலுக்கு இடமில்லை.
மூடியைத் திறந்தால் காடி நெடி.
ஊறுகாய் போட்ட போர் என்பார், சிரிக்க மாட்டார்.

முரசும் கொடியும் என்னிடமே நாற்பது பெட்டி இருக்கிறது.
நான் தேடி வந்தது வெட்டி எறிந்த துண்டு:
பதினாறு மில்லிமீட்டர், ஒலி கிடையாது, நாலு நிமிடம்.

சிப்பாய் குனிந்து ஒரு சிறுமிக்கு ரொட்டி தருகிறான்.
அவள் கடிக்கப் போகிறாள்.
ஓரத்திலிருந்து ஒரு கை நீள்கிறது,
கடிகாரம் கட்டிய, சுத்தமான கை,
ரொட்டியை வாங்கிக்கொள்கிறது.
மறுபடி.
குனிகிறான். தருகிறான்.
இம்முறை அவள் அவசரமாக வாயைத் திறக்கிறாள்.
கை.

மூன்றாவது முறை ரொட்டியை அவள் பார்க்கவில்லை.
லென்சைப் பார்க்கிறாள்.
படத்தில் சேர்த்தது அதைத்தான்,
நன்றி ததும்பும் விழிகள் என்று பின்னணிக் குரலோடு.

சுருளின் வால் படபடக்கிறது; திரை வெள்ளை.
விற்க மாட்டேன், என்கிறார்.
அறுநூறு யூரோ.
ம்ஹூம்.
அறுநூற்றைம்பது.
விளக்கை அணைக்காமலே பின்னோக்கிச் சுற்றுகிறார்:
அந்தக் கை அவளுக்கு ரொட்டி தருகிறது,
அவள் அதைச் சிப்பாய்க்குத் தருகிறாள்,
அவன் வாங்கிக்கொண்டு நிமிர்கிறான்.

எழுநூறு, என்கிறேன்.