ஏழாவது பத்தி

முதல் ஆறு பத்திகளும்
சாக்கோட்டை போகும் பேருந்திலேயே முடிந்துவிட்டன.
பெயர்: உமையாள். தொழில்: சர்பத்.
இடம்: புதுவயல், அரிசி ஆலைக்குப் பின்னால்
தவிட்டுத் தூசி படியும் தகரக் கொட்டகை.
தாவரம்: நன்னாரி.
அறிவியல் பெயரை மகள் கைப்பேசியில் தேடி
எழுத்தெழுத்தாய்ச் சொன்னாள்.
அந்தக் கொடிக்கு அப்படியொரு பெயர் இருப்பது
எனக்குத் தெரியாது. கொடிக்கும் தெரிந்திருக்காது.

ஏழில்தான் பேனா நின்றது:
எடுக்கும் இடம், எடுக்கும் அளவு, எடுப்பவர்.

எடுப்பவன் அடைக்கன்.
மொபெட்டில் முன்னால் கடப்பாரை, பின்னால் சாக்கு.
மழை விட்ட மூன்றாம் நாள்
செம்மண் சற்றே இளகும்போது
கண்மாய்க்கரை ஏறுவான். மற்ற நாளில்
கூப்பிட்டாலும் வரமாட்டான்.

"யாரைக் கேட்டு எடுக்கிறாய்?" என்றேன்,
படிவத்தின் குரல் எனக்குள் வந்திருந்தது.
"கேட்கிறதில்லக்கா. மோந்து பார்க்கிறதுதான்."
"ஒரு கொடிக்கு எவ்வளவு?"
"கையளவு. ஆணிவேரைத் தொட்டா
அடுத்த வருசம் எனக்குல்ல இல்ல."

கையளவு என்றே எழுதிக் கொடுத்தேன்.
அலுவலகத்தில் சிவப்பு மையால் வட்டமிட்டார்கள்:
கிலோவில் குறிப்பிடவும்.
தராசில் வைத்தோம் அவன் பிடியை.
நூற்று நாற்பது கிராம். மறுபடி, தொண்ணூறு.
மூன்றாவது முறை கை கூச்சப்பட்டு
எழுபதுக்கு இறங்கியது.

ஊராட்சிக் கூடத்தில் பல்லுயிர்ப் பதிவேட்டைத் திறந்தார்கள்.
வேம்பு, புளி, மா; அதன் பிறகு
கோடு போட்ட வெள்ளைத் தாள்.
"ஏட்டில் இல்லாத செடிக்கு எப்படி அனுமதி?"
நியாயம்தான். நன்னாரியை முதலில் எழுதினார்கள்.
"வேறென்ன இருக்குப்பா உங்க பக்கம்?"
அடைக்கன் சொல்லச் சொல்ல வாத்தியார் எழுதினார்:
சிறுகுறிஞ்சான், சீந்தில், ஆடுதின்னாப்பாளை,
வேலிப்பருத்தி, பிறகு ஒன்றுக்கு வாய் திறந்தவன்
வாசலைப் பார்த்துக்கொண்டு மூடிவிட்டான்.
"அது கெடக்கட்டும் சார்."
"என்னது?"
"ஒண்ணுமில்ல. எழுதினா அளவு கேப்பாங்க."

எனக்குத் தெரியும் அது எதுவென்று.
ஒருமுறை அவன் சாக்கின் அடியில் பார்த்திருக்கிறேன்.
சொல்லவில்லை. எந்தப் பத்தியிலும்
அதற்கு இடமும் இல்லை.

அனுமதி வந்தது
கத்திரி வெயில் முடிந்த மறுநாள்.
கோடை முழுக்க எலுமிச்சையை மட்டுமே பிழிந்தேன்.
பக்கத்துக் கடையில் நன்னாரி விற்றது,
எசன்ஸ் நன்னாரி, அரக்குச் சிவப்பில்.
அதற்கு வேரும் வேண்டாம், படிவமும் வேண்டாம்.
என் கோபத்தைக் குடிக்கவும் ஒருவர் வரவில்லை.

ஆவணியில் மழை விட்ட மூன்றாம் நாள்
அவனே போன் செய்தான்:
"மண்ணு எளகிருச்சு. உங்க காகிதம் வந்துருச்சாக்கா?"
நகல் எடுத்து நாலாய் மடித்துக் கொடுத்தேன்.
சாக்கோடு சாக்காய்ப் போட்டுக்கொண்டான்.

அன்று சாயங்காலம் சாலை வளைவில்
காக்கிச் சட்டை ஒருவர் கையை நீட்டியிருக்கிறார்.
இவன் காகிதத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறான்,
ஈர மண்ணும் வேரும் ஒட்டியபடி.

பிரித்தாராம் அவர்.
படிப்பதற்கு முன்னால்
மூக்கருகே கொண்டுபோனாராம்.