பதினேழு அடுக்கு

மூக்கையூரில் அமாவாசை. காற்று செத்த நேரம்.
விற்கப்போகிற வள்ளத்தைப் படம் பிடிக்கக்
கூப்பிட்டிருந்தார் பொனிபாஸ்.
பகல்ல எடுத்தா பழசு தெரியும்,
ராத்திரி எடுங்க, கல்யாண ஆல்பம் மாதிரி,
என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

என்னிடம் இருப்பதோ ஒரே ஒரு பிளாஷ்.
முப்பதடி வள்ளத்துக்கு முன்னால் அது
தீக்குச்சி.
அதனால் கேமரா முக்காலியில் நிற்கும்,
பிளாஷ் மட்டும் நடக்கும்.
அணியத்துக்கு ஒன்று, ஏராவுக்கு ஒன்று,
எழுதிய பெயருக்குத் தனியாக ஒன்று.
மிச்சத்தைக் கடையில் போய் ஒட்டிக்கொள்ளலாம்.

"குடுங்க, நான் பிடிக்கேன்" என்று
சேலையைத் தூக்கிச் செருகி இறங்கினார் ஜெசிந்தா.
கரையிலிருந்து பொனிபாஸ்:
"நடுப்பலகைல மட்டும் அடிக்காத."
எது இடித்தது என்று நான் கேட்கவில்லை.

ஒவ்வொரு மின்னலுக்கும் கடல்
பச்சைக் கண்ணாடியாகி உடைந்தது.
ஆறாவதில் ஒரு முரல் துள்ளி
சட்டத்துக்குள் விழுந்தது.
ஒன்பதாவது எரியவில்லை. பேட்டரி மாற்றினேன்.
பதினான்காவதில் அவர்
பலகையோடு ஒட்டி நின்று பக்கவாட்டில் அடித்தார்.
நேராக அடித்தால் படுத்துக்கிடக்கும் பள்ளம்
சாய்த்து அடித்தால் எழுந்து நிற்கும்.
அதை அவருக்கு நான் சொல்லவில்லை.

சாயல்குடியில், ஷட்டரை இறக்கிவிட்டு,
பதினேழையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டேன்.
எங்கே எது அதிக வெளிச்சமோ அது தெரியட்டும் என்றால்
மறுபேச்சில்லாமல் செய்கிறது மென்பொருள்.
வள்ளத்தைச் சுற்றிப் பதினாறு ஜெசிந்தா,
தொடையளவு நீரில், கையில் ஆளுக்கொரு வெள்ளை நெருப்பு.
ஒன்பதாவதிலும் இருக்கிறார், இருட்டாய்.
தூரிகை எடுத்து ஒவ்வொருவராய் மறைத்தேன்.
கறுப்பு பூசினால் போவார்,
வெள்ளை பூசினால் வந்துவிடுவார்.
முரலை மட்டும் விட்டுவைத்தேன்.

தண்ணீர்தான் பொருந்த மறுத்தது.
முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும்
முக்கால் மணி நேரம்.
அதற்குள் நாலு விரற்கடை ஏறிவிட்டது கடல்.
மணலில் உட்கார்ந்திருந்த வள்ளம்
கடைசி மூன்றில் லேசாய் மிதந்துவிட்டது.
'சந்தியாகு' என்பதில்
குவுக்கு மேல் இன்னொரு கு.
இழுத்து, அமர்த்தி, ஓரம் தைத்தேன்.
முக்கால் மணி நேரம் ஒரு நொடியாக நடித்தது.

பிறகு பதினான்காவது அடுக்கின் பக்கத்திலிருக்கும்
சின்னக் கண்ணைத் தட்டி மூடினேன்.
நடுப்பலகை மொழுமொழுவென்று ஆயிற்று.
எந்த ராத்திரியிலும் இல்லாத ஒரு வள்ளம்
திரையில் நின்றது.

அனுப்பினேன்.
பொனிபாஸிடமிருந்து மஞ்சள் கட்டைவிரல் ஒன்று.
கொஞ்ச நேரம் கழித்து அதே எண்ணிலிருந்து அழைப்பு,
ஜெசிந்தா.
"நான் ஒண்ணு ஒட்டி நின்னு அடிச்சேனே,
அது விழலையா?"
விழுந்துச்சுக்கா.
"படத்துல காணோமே."
எனக்குச் சளி பிடித்ததுபோல் தொண்டையைச் செருமினேன்.
போனுக்குள் யாரோ பாத்திரம் கழுவினார்கள்.
"வாங்கப்போறவன் அதுல ஏறித்தான கடலுக்குப் போவான்"
என்றார், கோபமெல்லாம் இல்லாமல்,
மீன் விலை சொல்வதுபோல்.
வைத்துவிட்டார்.

கண் இருந்த இடத்தில் இப்போது வெறும் சதுரம்.
அம்புக்குறியை அதன்மேல் நிறுத்திக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறேன்.
பொனிபாஸ் தரவேண்டிய மீதி
எண்ணூறு ரூபாய்.