மடிக்க வேண்டாம்

கலியாணக் காட் அடித்து மிஞ்சின மட்டையை
மல்லாவிச் சந்தி அச்சகத்தில் நிறுத்துத்தான் தருவார்கள்.
அரைக் கிலோவில் நூற்றிப் பத்துப் பேரை வெட்டலாம்.
பழைய பேப்பர்ப் படம், கோதுமைமாப் பசை,
மேலே அகலமான செலோரேப்.
அதில் பேனை பிடிக்காது என்பது
முதல் ஆறு பேருக்குப் பிறகுதான் தெரிந்தது.
இப்போது ஒவ்வொருவரின் காலடியிலும்
ஒரு விரல் வெள்ளை விடுகிறேன்.

நான் பந்து தொட்டதில்லை.
ஓஃப்சைட் என்றால் என்னவென்று
எங்கள் ஆலையில் மூட்டை தூக்கும் யோகராசா
நெல்மணி அடுக்கி இரண்டுதரம் காட்டினார்.
இரண்டுதரமும் தலையாட்டினேன்.

வணக்கம் ஐயா.
நான் நெல் ஆலையில் நிறை எழுதுகிறவள்.
நீங்கள் விளையாடின காலத்துப் படம் இரண்டு வைத்திருக்கிறேன்.
ஒன்றில் கையெழுத்து வைத்து அனுப்புங்கள்.
மற்றது உங்களுக்கு.
முத்திரை ஒட்டின உறை உள்ளே இருக்கிறது.

வெளியே, மடிக்க வேண்டாம் என்று
சிங்களத்தில் எழுதிக் காட்டியவர்
நெல் ஏற்ற வரும் பொலன்னறுவை லொறிக்காரர்.
பார்த்துப் பார்த்து வரைந்ததில்
அந்த மொழியில் எனக்கு எழுதத் தெரிந்த
ஒரே வசனம் அது.

என் கையெழுத்து எங்கெங்கோ கிடக்கிறது.
தறப்பாள் இரண்டு, பெற்றுக்கொண்டேன்.
கூரைத்தகரம் பன்னிரண்டு, பெற்றுக்கொண்டேன்.
கோழிக்குஞ்சு பத்து, மூன்று வழியிலேயே செத்தது,
பத்தும் பெற்றுக்கொண்டேன்.
ஒன்றுமே கொடுக்காமல் ஒரு மனிசரிடம்
கையெழுத்துக் கேட்கிற துணிவு
இந்தப் பக்கத்தில் எனக்குத்தான் முதலில் வந்திருக்கும்.

நீர்கொழும்புப் பின்வரிசைக்காரர்
மகளின் பல்வைத்தியசாலை விலாசத்தையும் சேர்த்து அனுப்பினார்.
கண்டியில் இடதுபக்கம் ஓடினவர்
இரண்டு படத்திலும் கையெழுத்து வைத்து
இரண்டையும் திருப்பிவிட்டார்.
அவருக்கு அவர் தேவைப்படவில்லை.
கம்பளையில் இருந்து உறை உடைபடாமல் வந்தது,
காலமானார் என்ற கட்டத்தில் ஒரு சரி.
அந்தச் சரி போட்டவரின் கை நல்ல வடிவு.
முத்திரை விலை ஏறின மாதம்
நாலு பேரை ஒத்திவைத்தேன்.
அதில் ஒருவரை இனிக் கேட்க முடியாது.

பேசாலைக் கோல்காப்பாளர் அலோசியஸ் கூஞ்ஞ
ஐந்து மாதம் கழித்து எழுதினார்.
கொப்பித்தாள், சாய்ந்த எழுத்து.

தங்கச்சி, படத்தில் இருப்பது நானில்லை.
என் தம்பி றெஜினோல்ட்.
அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், வாங்கில் இருந்தேன்.
எட்டிப் பிடித்தது அவன்.
பேப்பரில் என் பேரைப் போட்டுவிட்டார்கள்.
திருத்தச் சொல்லி நானும் எழுதவில்லை, அவனும் கேட்கவில்லை.
தொண்ணூறில் கடலுக்குப் போனவன்.
நீர் கேட்டபடி கையெழுத்து வைத்திருக்கிறேன்,
அவனுடையதை.
பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடக் கொப்பிக்கும்
அவனுக்கு நான்தான் வைப்பது.
மற்றப் படத்தை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.
இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து
அவன் முகம் எங்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

அடியில் கோடு இழுத்து,
படம் ஒன்று பெற்றுக்கொண்டேன்
என்று எழுதி, திகதி போட்டு,
தன் பேரில் ஒரு கையெழுத்து.

சேர்க்கிற ஆட்கள் இதைப் போலி என்பார்கள்.
யோகராசாவிடம் காட்டினேன்.
பாய்கிற மனிசனின் கையைப் பார்த்து,
இது கோலாகாமல் இருந்ததோ என்று மட்டும் கேட்டார்.
தெரியாது என்றேன்.
பேப்பர்க்காரர் பந்துக்கு முன்னால் வெட்டியிருக்கிறார்கள்.

இன்று கல்முனைக்கு ஒன்று போகிறது.
தபால்கந்தோரில் தராசு பழுது.
பிள்ளை உறையை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்து
இருபது கிராமுக்குள்ளதான் அக்கா என்றாள்.
நாள் முழுக்க நிறை எழுதுகிறவள்,
நான் வாய் திறக்கவில்லை.

இந்தமுறை உள்ளே மூன்று படம்.