ஏற்றிய எடை, காலி எடை

அயோத்தியாப்பட்டணம் தாண்டி
ஆத்தூர் சாலையில் ஒரு சேகோ ஃபேக்டரி.
அதன் வாசலில் எடைமேடை,
எடைமேடைக்கு ஓர் அறை,
அறைக்கு ஒரு ஜன்னல்:
நெடுக்கே இரண்டு கம்பி, குறுக்கே இரண்டு.
பதினோரு வருஷமாக
அந்த ஒன்பது கட்டங்களுக்குள்தான்
மரவள்ளி லாரிகள் எனக்கு வந்தன, போயின.

பழைய கேமரா ஒன்றைத் தவணையில் வாங்கியபோது
அதன் திரையிலும் அதே கம்பிகள்.
சிரித்துவிட்டேன்.
முக்கியமானதை நடுவில் வைக்காதே,
கோடுகள் வெட்டும் இடத்தில் வை
என்றது கையேடு.
லாரி டிரைவர்களுக்கு இது எப்போதோ தெரியும்;
ஒருவனும் என் ஜன்னலுக்கு நடுவில் நிறுத்தியதில்லை.

மற்றதைத் தொழிலே சொல்லிவிட்டது.
ஏற்றிய எடையில் காலி எடையைக் கழி,
மிச்சம்தான் கிழங்கு.
ஆகவே கழித்தேன்:
வலப்பக்கத் தண்ணீர்த் தொட்டியை,
பாதி தெரிந்த ஸ்கூட்டரை,
மேனேஜர் தலையில் முளைத்திருந்த மின்கம்பத்தை
(ஓரடி இடது நகர்ந்தால் போதும்,
கம்பம் தன் இடத்துக்குப் போய்விடும்,
மேனேஜரும்தான்).

களம்தான் என்னை ஏமாற்றியது.
உச்சி வெயிலில் ஒரு ஏக்கர் சவ்வரிசி,
பார்த்தால் கண் கூசும்;
படத்திலோ சாம்பல்,
மழைக்கு முந்தைய வானம்போல.
கேமரா ஒரு பயந்தாங்கொள்ளி.
இத்தனை வெள்ளையை அது நம்புவதில்லை,
எதையும் கொஞ்சம் இருட்டாக்கி வைத்தால்தான்
அதற்கு நிம்மதி.
ஒரு புள்ளி, இன்னும் அரைப்புள்ளி
ஒளியைக் கூட்டினேன்.
களம் வெளுத்தது.

அப்போது இன்னொன்றும் கண்டேன்.
பலகை இழுக்கும் பெண்களின் முகத்தில்
பன்னிரண்டு மணிக்கும் கண்குழியில் இருட்டில்லை.
கீழே கிடந்த வெள்ளை
வெயிலை வாங்கி
மோவாய்க்கடியில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.
கல்யாண மண்டபத்தில் இதற்காகத்தான்
குடைகுடையாய் விளக்கு நிறுத்துகிறார்கள்.

"நிழலை எடுங்கண்ணா, சரக்கு காயணும்"
என்றாள் கோமளா.
என் நிழலைச் சொன்னாள்;
அது ஈரச் சரக்கின்மேல் குட்டையாக விழுந்து கிடந்தது.
எடுத்தேன்,
படத்தையும்.

வியாழக்கிழமை
செவ்வாய்ப்பேட்டையில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.
முகம், கோடுகள் வெட்டும் இடத்தில்.
பலகையின் கைப்பிடி மூலையை நோக்கி ஓடியது.
வெள்ளை, வெள்ளையாகவே இருந்தது.
அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள்,
பின்பக்கம் எதுவோ தங்கிவிட்டதுபோல.
"கால் எங்கங்கண்ணா?"

கணுக்காலில் வெட்டியிருந்தேன்.
மூட்டில் வெட்டாதே என்பது
கையேட்டின் நாற்பதாம் பக்கம்;
நான் முப்பத்தாறில் இருந்தேன்.
மூன்று வருஷம் அடகில் கிடந்த கொலுசை
படம் எடுத்த அன்று காலையில்தான்
மீட்டுப் போட்டு வந்திருக்கிறாள்.
காலி எடை என்று நான் கழித்தது
சரக்கை.

நாலரை மணிக்குக் களத்துக்குப் போனேன்.
நண்பகலில் நீல அட்டையாக நிற்கும் சேர்வராயன் மலை
இப்போது மடிப்பு மடிப்பாக இறங்கியிருந்தது.
குப்பனூர்ப் பாதைகூட
நகக்கீறல்போலத் தெரிந்தது.
வெயில் பக்கவாட்டில் சாய்ந்ததும்
ஒவ்வொரு சவ்வரிசி மணிக்கும்
சொந்தமாக ஒரு நிழல்.
கொலுசின் முத்துகளிலும் அப்படித்தான்:
ஒரு பக்கம் தீப்பொறி, மறுபக்கம் கறுப்பு.

மண்டியிட்டு, கிட்டே போய்,
பாதங்களை மட்டும் கட்டத்துக்குள் வைத்தேன்.

"மூஞ்சியும் வரணும்" என்றாள்.

"அப்ப மலை?"

"அது எங்க போவப்போவுது."

எடைமேடையில் ஒரு லாரி
ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.
முழங்காலெல்லாம் மாவாக
எழுந்து,
ஓரடி பின்னால் போனேன்,
இன்னும் ஓரடி.