உத்தரவாதத்தின் கீழ் மாற்றப்பட்டது

ஆர்டித் வாண்டர்லான் அம்மையாருக்கு,
டொலீடோ, ஒஹையோ.

அறுபத்தொன்பது பிப்ரவரி.
சாலையில் தூவிய உப்பு
சக்கர வளைவெல்லாம் வெளுத்துக் கிடக்க
உங்கள் பச்சைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள்.
"சிவப்பு விளக்கில் நின்றால் நடுங்குகிறது,
நூலகத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்."
கையுறையைக் கழற்றாமலே சாவியைத் தந்தீர்கள்.

பானெட்டைத் தூக்கினேன்.
அப்புறம் வெகுநேரம்
கைவிளக்கை நகர்த்தவே இல்லை.

இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியம்.
வார்ப்பு எண் இருக்க வேண்டிய இடத்தில்
யாரோ ஊசியால் கீறிய ஓர் எக்ஸ், ஒரு நான்கு.
மேலே இரண்டு கார்புரேட்டர்கள்
சண்டைக்கு நிற்கும் சம்பந்திகளைப் போல
எதிரெதிர் மூலையில்.

இப்படி ஆறு செய்தார்கள் என்று கேள்வி.
பந்தயத்துக்கு முந்தின வாரம் விதி மாறியது.
ஆறையும் நசுக்கச் சொல்லி மேலிடத்துத் தாள் வந்தது.
ஐந்து நசுங்கியது.
ஆறாவதை
எந்த இரவு ஷிப்டில், எந்தத் தூக்கக் கலக்கத்துக் கை
ஒரு நூலகரின் காருக்குள் இறக்கியதோ!

நோயில்லை அம்மா அதற்கு.
ஏழாயிரம் சுற்றில் பேசப் பிறந்ததை
எழுநூறில் வாய்பொத்தி நிற்கச் சொன்னால்
நடுங்காமல் என்ன செய்யும்?
இதை நான் சொல்லியிருக்கலாம்.

"கோளாறான எஞ்சின்,
கம்பெனி இலவசமாக மாற்றித் தரும்" என்றேன்.
நன்றி சொன்னீர்கள்.
மறுவாரம் ஓர் எலுமிச்சை கேக் கொண்டுவந்தீர்கள்.
அதையும் தின்றேன்.

பதினெட்டு வருடம்
பட்டறைப் பள்ளத்தில், தார்ப்பாய்க்கு அடியில்.
மாதம் ஒருமுறை எண்ணெய் விட்டு
கிராங்கைக் கால் சுற்று திருப்பி வைப்பேன்.
பழைய கொதிகலன் என்றே வெர்னா நம்பினாள்,
என் மனைவி, எதையும் இரண்டுமுறை கேட்காதவள்.
விற்க முடியாது, எங்கே கிடைத்தது என்பான்.
ஓட்ட முடியாது, அந்தக் குரலை அறிந்த ஒருவன்
தெருக்கோடியில் நின்றால் போதும்.
ஊமை கண்ட கனவு என்பார்கள்.
நான் கனவுக்கே வாயைக் கட்டியவன்.

போன சனிக்கிழமை, ஜூலை நான்கு.
ஆற்றங்கரையில் வாணவேடிக்கை தொடங்கும்
பத்து மணிக்காகக் காத்திருந்தேன்.
முதல் வெடி.
சிவப்புப் பொத்தான்.
பதினோரு நொடி.

கூரைத் தகரத்தின் துரு தோளில் உதிர்ந்தது.
அலமாரியில் போல்ட் டப்பா
தானாக நடந்து விளிம்புக்கு வந்தது.
தங்கம் அடைத்த என் கடைவாய்ப்பல்
அது மட்டும் தனியாக அதிர்ந்தது.
மற்றதை எழுதத் தெரியவில்லை.

அணைத்தேன்.
வெளியே மத்தாப்பு, குழந்தைகள், பயந்த நாய்கள்.
யாருக்கும் கேட்டிருக்காது.

திங்கட்கிழமை ஆயில் மாற்ற வந்தீர்கள்.
அதே பச்சைக் கார்.
நான் ரசீது எழுத,
ஜன்னலைப் பார்த்தபடி சொன்னீர்கள்:
"அன்று வெடிகளுக்கு நடுவே
என் காரின் சத்தம் கேட்டது.
கார் என்னவோ வாசலில்தான் நின்றது."

திருடனைத் தேள் கொட்டினால் எப்படி நிற்பான்,
அப்படி நின்றேன்.

நீங்கள் மேலே எதுவும் கேட்கவில்லை.
"இப்போதெல்லாம் நடுங்குவதில்லை" என்றீர்கள்.
"ஆனால் மௌமி பாலத்து ஏற்றத்தில்
மூன்றாம் கியரில் எதையோ தேடுகிறது.
கார் அல்ல, என் கால்."

பணம் வேண்டாம் என்றேன்.
பதினான்கு டாலர் அறுபது சென்டை
சில்லறை உட்பட எண்ணி வைத்துவிட்டுப் போனீர்கள்.
அது இன்னும் கல்லாவின் மேலேயே கிடக்கிறது.

ஞாயிறன்று பட்டறை விடுமுறை.
பக்கக் கதவைப் பூட்டாமல் வைத்திருப்பேன்.
தார்ப்பாயை விலக்கி, பெட்ரோல் நிரப்பி,
பாட்டரிக்கு இரவெல்லாம் சார்ஜ் ஏற்றி வைத்திருப்பேன்.
பொத்தானை நீங்கள்தான் அழுத்த வேண்டும்.
காதுக்குப் பஞ்சு வேண்டாம்.

அன்றைக்கு ஊரில் வெடி ஏதும் கிடையாது.
கேட்கிறவர்களுக்குக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
டெல்பர்ட் ஸ்ட்ரூப்