இடது கை

துர்க்கு நகரில் நவம்பர்; நான்கு மணிக்கே இருட்டு.
புது ஸ்பீக்கர்களின் அட்டைப்பெட்டி இன்னும் நடைவழியில்.
டிரம்ஸ் எந்தப் பெட்டியிலும் அதிரும், ரைமோ,
பியானோ போடு என்றாள் தூலிக்கி.

இடது கை படியிறங்கியது.
ஒரு படி வீங்கியிருந்தது,
அடுத்ததில் கால் வைத்தால்
படியே இல்லை.
கடைக்கோடிக் கட்டை வெறும் உறுமல்.
கம்பி எங்கே, அதைத் தொட்ட கம்பளி எங்கே?

மூலையிலிருந்து இரண்டு சாண் நகர்த்தினேன்.
அலமாரியில் ஒரே ஒரு கோப்பை கிணுகிணுத்தது.
இன்னும் தள்ளு.
தள்ளினேன்.
பலகைத் தரையில் சக்கரம் பதிந்த பள்ளத்தில்
தட்டி நின்றது பெட்டி.
அவள் மணிக்கட்டு மரத்துப்போன பிறகு
மார்ச்சில் விற்றோம்.

இப்போது எல்லாப் படியும் இருந்தது,
பெடல் எழும் பெருமூச்சு உட்பட.

சரியா என்று கேட்டேன்.
பதில் இல்லை.
மடிமேல் அவள் இடது சுண்டுவிரல்
ஒவ்வொரு சுரத்துக்கும்
அரை நொடி முன்னால்
இறங்கிக்கொண்டிருந்தது.