நுனி கடித்த இலை

புயல் கடந்த ஒன்பதாம் நாள்
கூத்தப்பாக்கம் வளைவில்
விழுந்த மாமரத்தை
முழம் முழமாக அறுத்துக்கொண்டிருந்தார்கள்.
மேல்கிளைக் கவட்டில் அது.
"புல்லுருவிம்மா, தூக்கிக் கடாசுங்க" என்றார்
ரம்பக்காரர் கலியவரதன்.
இல்லைங்க.
புல்லுருவி மரத்தைக் குடிக்கும்.
இது மரத்தில் உட்கார்ந்து
மழையைக் குடிக்கும்.
"உட்கார எடம் குடுத்தது மரந்தானே"
என்று ரம்பத்தை மறுபடி இழுத்தார்.
பதில் இல்லை என்னிடம்.

ஆர்க்கிட் என்பதுவரை குழப்பமில்லை.
சுண்டுவிரல் தடிமனில் வெள்ளை வேர்,
தண்ணீர் பட்டதும் பச்சையாகிறது.
வாராக நீண்ட இலை,
நுனியை யாரோ கோணலாகக் கடித்துத் துப்பியதுபோல்.
வாண்டா.
பேரினம் வந்துவிட்டது.
சிற்றினத்துக்குப் பூ வேண்டும்.

கையேடு இரண்டிரண்டாகத்தான் கேட்கும்:
இதழில் கட்டம் உண்டா, இல்லையா.
உண்டென்றால் ஏழாம் எண்ணுக்குப் போ,
இல்லையென்றால் பன்னிரண்டு.
இன்னும் பூக்கவில்லை என்பவர்
எங்கே போவதென்று எழுதவில்லை.

"இலையோட அழுத்தி எண் போட்டுடுங்க,
அலமாரியில இடம் இருக்கு" என்றார் துறைத்தலைவர்.
பெயர் தெரியாமல் காய்வதற்கா?
தேங்காய் மட்டையில் நைலான் கயிறால் கட்டி
மஞ்சக்குப்பம் வீட்டு ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன்.
சீட்டில் பென்சிலால்: வாண்டா,
பக்கத்தில் ஒரு கோடு.

தை போனது. மாசியில் இரண்டு இலை பழுத்தது.
பங்குனியில் பக்கவாட்டில் ஒரு பச்சை முனை,
வேர்தான் என்று ஒரு வாரம் ஏமாந்தேன்.
வேர் கீழே தேடும்.
இது மேலே திரும்பியது.

சித்திரையில் ஒரு விடிகாலை
பூவுக்கு முன்னால் வாசனை வந்தது.
மங்கிய மஞ்சளில் பழுப்புக் கட்டங்கள்,
முதுகு வெள்ளை,
உதடு மட்டும் மை குடித்த ஊதா.
லென்ஸுக்குள்
ஆணும் பெண்ணும் ஒட்டிய ஒற்றைத் தூண்.
அதைக் கையேடு கேட்கவே இல்லை.
ஏழாம் எண். டெசலாட்டா.
கட்டம் போட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான்.
பென்சிலை அழித்து மையில் எழுதினேன்.

மரவாடிக்குப் போய்க் கலியவரதனிடம் போனில் படம் காட்டினேன்.
பெரிதாக்கிப் பார்த்தார்.
"நம்ம லுங்கி."
கொஞ்சம் பொறுத்து:
"அந்த மரத்துல இன்னும் இருந்துச்சும்மா,
பத்திருபது. இதே கடிச்ச எலை.
வெறகோட சூளைக்குப் போச்சு."

சீட்டில் கடைசிக் கட்டம் நிரம்பவில்லை:
அவ்விடத்தில் அரிதா, மிகுதியா.
மை பேனாவை மூடிவிட்டு
பென்சிலைத் தேடுகிறேன்.